லிச்சுக்கும் நம் ஊர்ப் பேய்க்கும் என்ன உறவு?

நாஞ்சில் பகடை

நாகர்கோவிலில் ஞாயிறுதோறும் கூடி, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடிக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை விளையாடும் எங்கள் குழுவுக்கு அடுத்த காம்பெயினை, அதாவது தொடர்கதையை, எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது கற்பனை நாட்டில்தான் என்றாலும், அதன் மலையும் குளமும் வயலும் நாஞ்சில் நாட்டின் சாயலில் இருக்கும். இறுதி எதிரியாக ஒரு லிச்சை வைக்கப்போவதாகச் சொன்னவுடன், ஆட்டக்காரர்களில் ஒருவர், "லிச் என்றால் கிரீடம் வைத்த பேய்தானே, அதற்கு நம் ஊர் நீலியையே வைத்துவிடலாமே" என்று கேட்டார். லிச் பேய் இனத்தைச் சேர்ந்ததே அன்று என்பது என் கட்சி. அதை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆட்டம் 1974-இல் வெளியானது. 1975-இல் வந்த கிரேஹாக் துணைநூலிலேயே லிச் இடம்பெற்றுவிட்டது. அங்கே அது முன்னாளில் பெரும் மந்திரவாதியாக இருந்த ஓர் எலும்புருவம், அவ்வளவுதான். 1977-இல் வந்த, ஆட்டத்தின் எதிரிகளைப் பட்டியலிடும் மான்ஸ்டர் மேனுவல் என்ற நூல்தான் அதற்கு உருவம் கொடுத்தது. மந்திரவாதி ஒருவன் தன் சொந்த ஆசையாலும் மனவலிமையாலும் மனித நிலையைக் கடந்து, உயிரும் இல்லாத மனிதத் தன்மையும் இல்லாத ஓர் இருப்புக்குப் போய்விடுகிறான் என்றும், அந்த நிலையைக் காத்துக்கொள்ள அவனுக்குச் சில மந்திரங்களும் பைலாக்டரி என்ற பொருளும் வேண்டும் என்றும் அந்நூல் சொல்கிறது. பின்னாளில் இந்தப் பைலாக்டரி அவன் தன் உயிரைப் பூட்டிவைக்கும் பொருளாயிற்று. அவன் கை பட்டால் குளிர் ஏறி உடல் மரத்துப்போகும்; லெவல் குறைந்தவர்கள் அவனைக் கண்ட மாத்திரத்தில் ஓடுவார்கள். எலும்புக்கூடுகளையும் சோம்பிகளையும் யாரோ ஒருவர் எழுப்பிவிடுகிறார். ஆட்டத்தின் வேறு பிண வகைகளான கூலும் வைட்டும் பிறரால் கெட்டு அப்படி ஆகின்றன. லிச் ஒருவன்தான் விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தவன்.

ஆட்டத்தை எழுதியவர்கள் இவனை எங்கிருந்து எடுத்தார்கள், நம் கதைகளில் இவனுக்கு உறவுமுறை உண்டா, இந்த மண்ணில் இவன் தன் உயிரை எங்கே ஒளித்துவைப்பான் என்பவை பற்றிப் பேசுவோம்.

குலசேகரம் புத்தகப்புழு

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், லிச்சைத் தாம் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய, கோத்தார் என்ற வீரனின் கதையிலிருந்து எடுத்ததாகக் கூறியிருக்கிறார். 1969-இல் வந்த முதல் கோத்தார் நூலில், என்றோ இறந்துபோன அஃப்கோர்கோன் என்ற மந்திரவாதி தன் கல்லறையில் எழுந்து நின்று, உள்ளே வந்து சேரும் வீரனுக்கு ஃப்ராஸ்ட்ஃபயர் என்ற வாளைக் கொடுக்கிறான். அந்த வாளை வைத்திருக்கும்வரை வேறு செல்வம் எதையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது நிபந்தனை. இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், லிச்சுகளின் மூதாதையான இவன் வில்லனே அல்லன் என்பதுதான். அவன் பங்குக்கு ஒரு வாளைத் தானம் செய்கிறான். நிபந்தனை கடுமையானது, ஆனால் நேர்மையானது. கொள்ளையடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட நம் ஆட்டக்காரர்களுக்கு இதைவிடக் கொடிய சாபம் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஃபாக்ஸுக்கு முன்னால் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் இருக்கிறார். 1932 செப்டம்பர் வியர்ட் டேல்ஸ் இதழில் வந்த அவருடைய கதையில், இரண்டு மந்திரவாதிகள் செத்து அழிந்த ஒரு நாட்டின் பிணங்களையெல்லாம் எழுப்பித் தங்களுக்கு ஊழியம் செய்ய வைக்கிறார்கள். கைகாக்ஸ் 1979-இல் தம்மைப் பாதித்த நூல்களைப் பட்டியலிட்டபோது ஃபாக்ஸின் கோத்தார் வரிசையைச் சேர்த்துக்கொண்டார்; ஸ்மித்தின் பெயர் அதில் இல்லை.

இந்தக் கதைகளின் பயங்கரம் முழுக்க உலர்ந்த பிணத்திலும் பழைய கல்லறையிலும் அழியாமல் நிற்கும் மந்திர அறிவிலும் இருக்கிறது. உயிரைத் தனியே எடுத்துப் பூட்டிவைக்கும் வேலை வேறு இடத்திலிருந்து வந்து இதனுடன் கலந்தது. அந்த இடத்தைப் பற்றிப் பேச என்னைவிடப் பொருத்தமானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கொடைக்குப் போனவள்

நாஞ்சில் பகடை அண்ணனின் கட்சியை நான் ஏற்கிறேன். ஆனால் அவர் சொல்லும் காரணம் போதாது. லிச் தானாக விரும்பி அப்படி ஆனான் என்பது பாதி உண்மைதான். மறுபாதி, நம் ஊர்ப் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கிறது, லிச்சுக்கு வழக்கே இல்லை என்பது.

கள்ளியங்காட்டு நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்பி வந்த பெண்ணை அவள் நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொன்றுபோடுகிறான் ஒருவன். அவள் மறுபிறவி எடுத்து வந்து, அவனும் மறுபிறவி எடுத்து வந்து, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச் சபையின் முன்னால் நின்று அவள் கணக்கைத் தீர்க்கிறாள். சபை, சாட்சி, பிணை, தீர்ப்பு எல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன. முப்பந்தலில் இசக்கியாக அவளுக்குக் கோயில் இருப்பதும், பிள்ளை வரம் கேட்டு அங்கே தொட்டில் கட்டுவதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். அநியாயமாகச் செத்தவரை ஊர் முதலில் அஞ்சுகிறது, பிறகு பீடம் போட்டுக் கொடை என்ற விழா எடுக்கிறது, அதன் பிறகு அவர் ஊரைக் காக்கிறார். வில்லுப்பாட்டில் அண்ணாவி வீசுகோலை வில்லில் அடித்துப் பாடிக்கொண்டே வந்து, அந்தக் கொலை நடக்கும் இடத்தை எட்டும்போது குடமும் உடுக்கையும் வேகம் பிடிக்கும். அந்த இடத்தில்தான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். பாடப்படுவது ஒரு முறையீடு, சாமி வருவது அதைக் கேட்டு.

ஆகவே உங்கள் ஆட்டத்தில் நீலியை இறுதி எதிரியாக வைத்தால், ஆட்டக்காரர்கள் வாதியையே வெட்டிக் கொன்றதாகத்தான் முடியும். எனக்கு அது பிடிக்கவில்லை. அவளை வைப்பதானால் வாளால் தீராத பாத்திரமாக வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேயோட்டும் போது, பேய் பிடித்தவரின் முடியைச் சிறிது எடுத்து மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள் இல்லையா? பேயை ஒரு பொருளில் கட்டிவைப்பது அது. கட்டுகிறவர் வேறு, கட்டப்படுவது வேறு; கட்டப்பட்டது வெளியே வரத் துடித்துக்கொண்டே இருக்கும். லிச் தன் உயிரை ஒரு பொருளில் வைத்து ஆணியையும் தானே அடித்துக்கொள்கிறான். அவனுக்கு ஆணி கழன்றுவிடுமோ என்றுதான் பயம். இந்தத் தலைகீழ்தான் என்னை உலுக்குகிறது.

வடசேரி டைஸ்

அக்கா சொன்னதில் ஒரு சிறு ஐயம். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் வரும் லிச் பிறருடைய ஆன்மாக்களைத் தன் பைலாக்டரிக்குள் அனுப்பி உணவாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் உடல் உதிர்ந்து வெறும் மண்டையோடாக, டெமிலிச்சாகச் சுருங்கிவிடுவான். அப்படியானால் அவனும் பலி கேட்கும் பேய் மாதிரிதானே ஆகிறான்?

கொடைக்குப் போனவள்

தம்பி, கொடையில் கொடுப்பதை ஊர் மனமுவந்து கொடுக்கிறது, அதற்கு ஈடாகக் காவலையும் பெறுகிறது. லிச் எடுத்துக்கொள்கிறான், திருப்பித் தருவது எதுவும் இல்லை. இரண்டையும் பலி என்று ஒரே பெயரில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆசான் வீட்டுப் பேரன்

எங்கள் வீட்டில் வர்மமும் மருந்தும் தலைமுறைத் தொழில் என்பதால், இந்த விவாதத்தில் எல்லோரும் கடந்து போகும் ஒரு பகுதியில் என் கண் நின்றது. லிச் ஆவது எப்படி என்பதை 1979-இல் லென் லகோஃப்கா என்பவர் டிராகன் என்ற ஆட்ட இதழில் ஒரு செய்முறையாகவே எழுதினார். மூன்று மந்திரங்கள் தெரிந்திருக்க வேண்டும், அவற்றுடன் ஒரு மருந்தும் குடிக்க வேண்டும். மருந்தின் சரக்குகளில் ஆர்சனிக், பெல்லடோனா என்ற நச்சுச்செடி, வைவர்ன் என்ற சிறகுள்ள கற்பனை விலங்கின் புது விஷம், வாம்பயர் இரத்தம், இன்னும் இங்கே எழுதக் கூசும் சிலவும் உண்டு. சொன்ன வரிசையில், முழுநிலவு வெளிச்சத்தில் கலக்க வேண்டும். குடித்த பிறகு பகடையை உருட்டி விளைவைப் பார்க்க வேண்டும். சில எண்களுக்கு உடம்பிலுள்ள முடி முழுக்க உதிர்வதோடு சரி, வேறு பலன் கிடையாது. சில எண்களுக்கு ஆள் செத்தே போவார். இத்தனை காலம் படித்து, இத்தனை பாவம் செய்து, கடைசியில் மொட்டையாகி நிற்கும் ஒரு மந்திரவாதியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

ஆர்சனிக்கைக் கண்டதும் எனக்கு வெள்ளைப் பாஷாணம் நினைவுக்கு வந்தது. சித்த மருத்துவம் பாஷாணங்களைப் பிறவி 32, வைப்பு 32 என 64 ஆக எண்ணுகிறது. அவற்றைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை; சேர்த்த மருந்துக்குப் பத்தியமும் கடுமையாக இருக்கும். உடம்பை மூப்பும் சாவும் அணுகாமல் நிறுத்துவதற்கான காயகற்ப முறைகளைப் பற்றிச் சித்தர் பாடல்கள் விரிவாகப் பேசுகின்றன. நம் மருந்துவாழ்மலையையே, அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சொல்வது வழக்கம். அப்படியிருக்க, சாகாமைக்கு மருந்து தேடுபவன் என்ற அளவில் லிச்சுக்கு நெருங்கிய ஆள் நம் மலையடிவாரத்தில் கிடைப்பான்.

ஆனால் ஒற்றுமை அதோடு முடிகிறது. சித்தர் உடம்பை வளர்த்து உயிரை வளர்க்க நினைத்தார். லிச் உடம்பை உதறிவிட்டு உயிரைப் பெட்டிக்குள் போடுகிறான். கூடுவிட்டுக் கூடு பாய்தலும் அப்படித்தான். ஆட்டத்தில் மேஜிக் ஜார் என்றொரு மந்திரம் உண்டு. உயிர் ஓர் இரத்தினக் கல்லுக்குள் போய் உட்கார்ந்து, அங்கிருந்து அடுத்தவர் உடலுக்குள் புகும். லகோஃப்காவின் செய்முறையில் அதுவும் ஒரு படி. கேட்டவுடன் திருமூலர்தான் என்று தோன்றும். மூலன் என்ற இடையன் செத்துக்கிடக்க, மாடுகள் சுற்றி நின்று அழுவதைப் பொறுக்காமல் அவர் அந்த உடலுக்குள் புகுந்தார். அவர் புகுந்தது இரக்கத்தால், அதுவும் செத்த உடலில். மேஜிக் ஜார்க்காரன் உயிரோடு இருப்பவரைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைகிறான். உங்கள் லிச்சைச் சித்தர் வேடத்தில் காட்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள். சித்தரிடம் பாதி படித்துவிட்டுப் பத்தியத்துக்குப் பொறுமையில்லாமல் ஓடிப்போன சீடனாகக் காட்டினால் பொருந்தும்.

பாவைத்திரை

இவ்வளவு நேரம் கிளி வரவில்லையே என்று காத்திருந்தேன். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, மரப்பொந்தில் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளியின் கழுத்தில் மந்திரவாதியின் உயிர். இதைக் கேட்காமல் வளர்ந்தவர் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. லிச்சுக்கு நம் ஊரில் உறவுக்காரன் யார் என்றால், பேய்களின் வரிசையில் தேடக்கூடாது. இந்தக் கிளி மந்திரவாதியிடம் போக வேண்டும்.

கதை மிகப் பழையது, பரப்பும் பெரியது. மேரி ஃபிரேர் 1868-இல் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பில் பஞ்ச்கின் என்ற மந்திரவாதி வருகிறான். அவன் உயிர் இருக்கும் இடம் இது: தொலைதூரக் காடு, நடுவே வட்டமாக நிற்கும் பனைகள், வட்டத்தின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு தண்ணீர்ச் சட்டிகள், ஆறாவது சட்டிக்குக் கீழே சிறு கூண்டு, அதற்குள் பச்சைக் கிளி. இளவரசன் கிளியின் சிறகைப் பிய்க்கும்போது மந்திரவாதியின் கை கழன்று விழும். காலைப் பிய்த்தால் கால் விழும். ருஷ்யக் கதைகளில் வரும் கோஷேய் என்ற சாகா மந்திரவாதிக்கு ஊசி முனையில் சாவு. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி கருவாலி மரத்தின் கீழே. எகிப்தில் ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முந்திய பாப்பிரஸ் சுவடி ஒன்றில் பாத்தா என்பவன் தன் இதயத்தை எடுத்து மரத்தின் பூமேல் வைக்கிறான். மரத்தை வெட்டியதும் செத்து விழுகிறான். நாட்டார் கதைகளை வகைப்படுத்துவோர் இந்த வகைக்கு 302 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாடுகளில் கிடக்கும் ஒன்றைக் கைகாக்ஸ் கோஷேயிடமிருந்துதான் எடுத்தார் என்று இணையத்தில் பலர் அடித்துச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் வாய்திறந்து சொன்னது ஃபாக்ஸைத்தான்.

நம் தோல்பாவைக்கூத்தில் மயில் ராவணன் கதை உண்டு. அதில் பாதாளத்து மன்னனின் உயிர் வண்டுகளுக்குள் இருக்கிறது. இராம லட்சுமணரைத் தூக்கிப்போனவனை அனுமன் எத்தனை அடித்தாலும் சாவதில்லை; வண்டுகளைத் தேடிப்பிடித்து நசுக்கியபோதுதான் விழுகிறான். விளக்குக்கும் வெள்ளைத் திரைக்கும் நடுவே அந்தத் தோல் உருவங்கள் மோதி மோதி விலகும்போது, அடி பலிக்கவில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். லிச்சோடு நடக்கும் முதல் சண்டையும் அந்தக் காட்சியைத்தான் காட்ட வேண்டும்.

இந்தக் கதைகளில் உயிர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவது பெரும்பாலும் மந்திரவாதியேதான் என்பதையும் பார்க்க வேண்டும். கடத்திவந்த பெண் அன்பாகக் கேட்கிறாள். கோஷேய் முதலில் பொய் சொல்கிறான், பிறகு உண்மையைச் சொல்லிவிடுகிறான். பஞ்ச்கினும் சொல்லிவிடுகிறான். சாகாவரம் கைவசம் இருந்தும், யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற பலவீனம் அவர்களுக்கு இருந்தது. லிச்சிடம் அந்தப் பலவீனம்கூட இல்லை. அவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. அதனால் ஆட்டத்தை நடத்துபவருக்கு ஒரு சங்கடம் வருகிறது: துப்பு எங்கிருந்து கிடைக்கும்?

மார்த்தாண்டம் விதிக்காரர்

பைலாக்டரியின் விதிகளைப் பதிப்பு வாரியாகப் பார்த்துவிட்டால் உங்கள் வேலை எளிதாகும். மூன்றாம் பதிப்பில் அது மூடி முத்திரையிட்ட ஓர் உலோகப் பெட்டி. உள்ளே மந்திர வாசகங்கள் எழுதிய தோல்சுருள்கள். செய்வதற்கு 1,20,000 பொற்காசு ஆகும். பெட்டியின் கடினம் 20, அதைத் தாண்டி உடைக்க 40 ஹிட் பாயிண்ட், அதாவது அத்தனை புள்ளிச் சேதம், வேண்டும். ஐந்தாம் பதிப்பில் அது எந்தப் பொருளாகவும் இருக்கலாம். லிச்சின் உடலை அழித்தால், பைலாக்டரி இருக்கும்வரை ஒன்று முதல் பத்து நாட்களுக்குள் அதன் பக்கத்திலேயே, ஐந்தடி தூரத்துக்குள், புது உடல் தோன்றிவிடும்.

அந்த உலோகப் பெட்டியின் முன்மாதிரி, ஆங்கிலத்தில் பைலாக்டரி என்றே அழைக்கப்படும், யூதர்கள் காலைத் தொழுகையில் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும் தோற்பெட்டிகள். அவற்றுள் வேத வசனங்கள் எழுதிய தோல்சுருள்கள் இருக்கும். இன்றும் மக்கள் வழிபாட்டில் வைத்திருக்கும் ஒன்றைப் பிணத்தின் உயிர்ப்பெட்டியாக்கியது முறையன்று என்ற பேச்சு நீண்ட காலமாக இருந்தது. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர் அதை இப்போது ஸோல் கேஜ் என்கிறது. 2025-இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலும் ஸ்பிரிட் ஜார் என்று மாற்றிவிட்டது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். நாளைக்கே யாராவது நம் வீட்டுப் பிள்ளைகள் இடுப்பில் கட்டும் தாயத்தை எடுத்து இப்படி எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

துப்பு விஷயத்தில் எச்சரிக்கை ஒன்று. லிச்சை வைத்து ஆட்டம் நடத்துபவர்கள் எல்லோருக்கும் 1978-இல் அச்சான டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற ஆட்டக்கதை மாதிரி ஒன்றைச் செய்துபார்க்கும் ஆசை வரும். அதில் அசெரரக் என்ற லிச் வெறும் மண்டையோடு. கண்குழியில் மாணிக்கம், பல்லுக்கு வைரம். தொட்டவன் உயிரை உறிஞ்சிவிடும். போகும் வழியில் சுவரில் வாய் பிளந்து நிற்கும் பச்சை முகத்துக்குள் எட்டிப்பார்த்தால் ஆளே இல்லாமல் போய்விடுவான். கைகாக்ஸ் அதை 1975-இல் ஒரு மாநாட்டுப் போட்டிக்காக எழுதினார். போட்டிக்கு அது சரி. ஒவ்வொரு வாரமும் வந்து உட்காரும் நண்பர்களுக்குப் போட்டால், நான்காவது ஆள் செத்ததும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

வடசேரி டைஸ்

பால்டர்ஸ் கேட் இரண்டு என்ற கணினி ஆட்டத்தில் காங்காக்ஸ் என்ற டெமிலிச்சை நான் பள்ளிக் காலத்தில் வென்றிருக்கிறேன். பிணங்களிடமிருந்து காக்கும் சுருள் ஒன்றைப் படித்துவிட்டு நின்றால், அவனுக்கு நாம் கண்ணிலேயே படமாட்டோம். பெரிய லிச் என்று பயந்த ஆள் காற்றில் மிதந்துகொண்டே அடி வாங்கிச் சாவான். அண்ணாச்சியின் லிச்சுக்கு அந்தக் கதி வரக்கூடாது.

நாஞ்சில் பகடை

வந்த பதிவுகளை எல்லாம் வைத்துக்கொண்டு என் லிச்சைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பேரன் தம்பி சொன்னபடி அவன் மலையடிவாரத்து ஆசான் ஒருவரிடமிருந்து பத்தியம் முறித்து ஓடிய சீடன். நீலியின் சாயலில் ஒரு பெண் தெய்வமும் கதையில் உண்டு; ஆனால் அவள் எதிரியல்லள், லிச்சின் மேல் பழைய வழக்கு ஒன்று அவளுக்கு இருக்கிறது.

உயிரை அவன் ஒளித்திருக்கும் இடத்தைச் சொல்கிறேன். ஏழு கடலுக்கு அப்பால் ஒளித்துவைப்பவன் அவசரக்காரன். தூரம் ஒரு காவலே அன்று, நடக்கத் தெரிந்தவன் ஒருநாள் வந்துவிடுவான். என் லிச், நாட்டின் பெரிய குளத்து மடையில் பதித்த ஒரு கல்லுக்குள் வைத்திருக்கிறான். அந்தக் குளத்தை நம்பித்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் விளைகின்றன. கல்லைப் பெயர்க்க வேண்டுமானால் குளத்தை வற்றவிட வேண்டும். வற்றவிட்டால் ஒரு பூ போய்விடும், ஊர் பட்டினி கிடக்கும். அதனால் மண்வெட்டியோடு மடைப்பக்கம் போகும் எவனையும் ஊர்க்காரர்களே விரட்டுவார்கள். அவன் ஒரு பொறியும் வைக்கவில்லை, ஒரு பூதத்தையும் நிறுத்தவில்லை. தங்கள் சோற்றைக் காப்பதாக நினைத்து ஊரே அவன் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

துப்புக்குப் பேச்சுத்துணை தேவையில்லை என்றும் கண்டுகொண்டேன். அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகள் போல அந்த நாட்டிலும் ஒரு வீட்டில் பழைய ஓலைக்கட்டுகள் இருக்கும். நிலம், வரி, அடிமை, குளத்துப் பராமரிப்பு என்று கணக்கு எழுதிய ஓலைகள். அவற்றில் ஒன்றில் மடைக்குப் புதுக் கல் போடப்பட்ட செலவு எழுதியிருக்கும், செலவைக் கொடுத்தவர் பெயர் இருக்காது. நாட்டில் தானம் செய்துவிட்டுப் பெயரைக் கல்லில் வெட்டாமல் விட்டவர் யாரும் இல்லை என்பது உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். அந்த வெற்றிடத்தை அவர்கள் கவனித்தால் போதும்.

பாவைத்திரை

பெயரில்லாத தானம் நல்ல துப்பு. ஆறு சட்டிக்குக் கீழே கூண்டு வைத்தவனைவிட உங்கள் ஆள் கெட்டிக்காரன்.

கொடைக்குப் போனவள்

அண்ணன், குளத்தங்கரையில் பீடம் எதையும் வைத்து அதை உடைக்கும்படி செய்துவிடாதீர்கள். கல் மடைக்கல்லாகவே இருக்கட்டும். அந்தப் பெண்ணின் வழக்கும் லிச் செத்ததும் தானாகத் தீர்ந்துவிடக்கூடாது. அவள் கேட்பதை யாராவது உட்கார்ந்து முழுக்கக் கேட்கும் காட்சி ஒன்று வேண்டும். அதற்குப் பகடை உருட்ட வைக்காதீர்கள்.

மார்த்தாண்டம் விதிக்காரர்

திட்டம் நன்றாக இருக்கிறது; விதியில் ஒரு சிக்கலும் ஒரு வாய்ப்பும் உண்டு. புது உடல் பைலாக்டரியிலிருந்து ஐந்தடிக்குள் தோன்றும் என்றால், உங்கள் லிச் குளத்துத் தண்ணீருக்கு அடியில் மடைவாயில்தான் எழுவான். அவனுக்கு மூச்சு தேவையில்லை என்பதால் அது அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கரையேறி வர வேண்டுமே? வயலுக்குத் தண்ணீர் திறக்க விடியற்காலையில் வருபவர்கள் அவனைப் பார்த்தே தீர வேண்டும். அவன் உடலை முதல்முறை அழித்துவிட்டு ஆட்டக்காரர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, குளத்தடியில் யாரோ எலும்பும் தோலுமாக ஏறிவந்தார் என்று ஊரில் பேச்சு அடிபட்டால், ஓலையைப் படிக்காதவர்களுக்கும் இடம் பிடிபட்டுவிடும்.

குளத்தை வற்றவிடாமல் கல்லை எடுக்க ஒரு வழியையும் நீங்கள் யோசித்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டக்காரர்கள் கட்டாயம் ஒன்றைக் கேட்பார்கள். தண்ணீருக்குள் மூச்சுவிடும் மந்திரம் வெறும் மூன்றாம் லெவல் மந்திரம்தான். அதைத் தடுக்காதீர்கள், உள்ளே போகட்டும். கல் மடையின் பாரம் தாங்கும் கல் என்றும், எடுத்தால் மடை சரிந்து தண்ணீர் முழுக்க வயலில் பாயும் என்றும் அங்கே போய்த் தொட்டுப் பார்க்கும்போதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நாஞ்சில் பகடை

அப்படியே எழுதிக்கொள்கிறேன். கும்பப்பூ அறுவடை முடியும்வரை காத்திருந்து பிறகு குளத்தை வற்றவிடலாம் என்ற வழியைத் திறந்தே வைக்கப்போகிறேன். ஆனால் அதுவரை லிச் ஒவ்வொரு முறை அழிந்தாலும் திரும்பி வருவான், வரும்போதெல்லாம் ஓர் உயிரை அந்தக் கல்லுக்கு ஊட்டுவான். பயிரா ஆளா என்று ஊர்க்கூட்டத்தில் நின்று அவர்களே பேசி முடிக்கட்டும். அவன் எழும் நாளுக்கான பத்து முகப் பகடையை மட்டும் நான் திரைக்குப் பின்னால் உருட்டிக்கொள்வேன்.